ரெட்ரீவர் நாய்களுக்கான நீர்ப் பயிற்சி

ரெட்ரீவர் நாய்களுக்கான நீர்ப் பயிற்சி என்பது, நீரில் விழுந்த பறவையை அல்லது பொருளை நீந்திச் சென்று கவ்வி, சிதைக்காமல் கரைக்குக் கொண்டுவந்து பயிற்றுநரின் கையில் ஒப்படைக்க ரெட்ரீவர் இன நாய்களைப் பழக்கும் முறையாகும். ரெட்ரீவர் என்னும் ஆங்கிலப் பெயருக்கு மீட்டுக் கொண்டுவருவது என்று பொருள். வேட்டையில் பறவையைத் துரத்துவதோ கொல்வதோ இந்நாய்களின் வேலையன்று. சுடப்பட்டு விழுந்ததைத் தேடி எடுத்து வருவதே இவற்றின் வேலை. இப்பயிற்சி பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் வேட்டையோடு, குறிப்பாக வாத்து வேட்டையோடு, இணைந்து வளர்ந்தது. இன்று வேட்டையில் ஈடுபடாத பலரும் போட்டிகளுக்காகவும் நாயின் உடல் மன நலத்திற்காகவும் இதனைச் செய்கின்றனர்.

தேவை

காயம்பட்டு நீரில் விழும் வாத்து பெரும்பாலும் அசையாமல் மிதப்பதில்லை. அது மூழ்கி நீந்தும். நாணலுக்குள் புகுந்து அலகை மட்டும் நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். படகில் செல்லும் மனிதர் அதனைக் கண்டுபிடிப்பது அரிது. கண்டுபிடிக்கப்படாத பறவை பல மணி நேரம், சில வேளைகளில் பல நாட்கள் வதைபட்டு இறக்கிறது. அது வேட்டையாடியவரின் கணக்கிலும் சேர்வதில்லை. அதற்கு ஈடாக அவர் இன்னொன்றைச் சுடுகிறார். ஐக்கிய அமெரிக்காவின் கூட்டரசு விதிகள், சுட்டு வீழ்த்திய வலசைப் பறவையை மீட்க வேட்டையாடுபவர் நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று கூறுகின்றன. மோப்பத்தால் தேடக்கூடிய, நீந்தத் தயங்காத நாய் ஒன்று உடன் இருப்பதே அம்முயற்சியின் மிகச் சிறந்த வடிவமாகும்.

அந்நாட்டில் நீர்ப்பறவை வேட்டைக்குச் செல்லும் பெரியவர்கள் 1934 ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் வெளியிடப்படும் வாத்து முத்திரையை வாங்க வேண்டும். அதில் சேரும் பணம் சதுப்பு நிலங்களைப் பாதுகாக்கப் பயன்படுகிறது. இம்முத்திரைகளில் வழமையாக நீர்ப்பறவைகளே இடம்பெறும். 1959 ஆம் ஆண்டு முத்திரையில் மட்டும் நாய் ஒன்று முதன்மைப் படமாக அமைந்தது. வாயில் காட்டு வாத்தைக் கவ்விய கிங் பக் என்னும் கறுப்பு லாப்ரடாரை ஓவியர் மேனார்டு ரீஸ் வரைந்திருந்தார். ரெட்ரீவர்கள் வேட்டைப் பறவைகள் வீணாகாமல் காக்கின்றன என்ற பொருளில் ஒரு வாசகமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. குட்டியாக இருந்தபோது டிஸ்டெம்பர் நோயிலிருந்து பிழைத்த கிங் பக், 1952, 1953 ஆகிய இரு ஆண்டுகளிலும் தேசிய வாகையர் பட்டத்தை வென்ற நாயாகும்.

இனங்கள்

ரெட்ரீவர் என்ற பெயரில் பொதுவாக ஆறு இனங்கள் அடங்கும். அவை லாப்ரடார், கோல்டன், பிளாட் கோட்டட், கர்லி கோட்டட், செசபீக் விரிகுடா ரெட்ரீவர், நோவா ஸ்கோசியா டக் டோலிங் ரெட்ரீவர் என்பனவாகும். லாப்ரடாரின் முன்னோர் நியூபவுண்ட்லாந்துத் தீவின் மீனவர்கள் வளர்த்த செயின்ட் ஜான்ஸ் நீர்நாய்கள் ஆவர். (இங்கு நீர்நாய் என்பது ஆற்றில் வாழும் நீர்நாய் என்னும் காட்டு விலங்கைக் குறிக்காது.) வலைகளையும் தூண்டில் கயிறுகளையும் கடலில் நீந்தி இழுத்துவரப் பழகிய அவை, 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு வேட்டை நாய்களாக வளர்க்கப்பட்டன. மூல இனம் பின்னர் அற்றுப்போயிற்று. லாப்ரடாரை 1903 ஆம் ஆண்டு பிரித்தானியக் கென்னல் கிளப் ஏற்றுக்கொண்டது.

கோல்டன் ரெட்ரீவர் ஸ்காட்லாந்தின் குயிசாக்கன் என்னும் இடத்தில் டுவீட்மவுத் பிரபுவின் பண்ணையில் உருவானது. நூஸ் என்ற மஞ்சள் நிற நாய்க்கும் பெல் என்ற டுவீட் நீர் ஸ்பானியலுக்கும் 1868 ஆம் ஆண்டு பிறந்த குட்டிகளே இதன் தொடக்கம். செசபீக் விரிகுடா ரெட்ரீவரின் வரலாறு 1807 ஆம் ஆண்டு மேரிலாந்துக் கரையருகே மூழ்கிய கப்பலிலிருந்து காப்பாற்றப்பட்ட இரண்டு குட்டிகளோடு தொடங்குவதாகக் கூறப்படுகிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள அதன் அடர்ந்த மயிர் பனிக்கட்டி மிதக்கும் நீருக்கு ஏற்றது. டோலிங் ரெட்ரீவர் கரையில் ஓடியாடி வாத்துகளின் ஆவலைத் தூண்டி அருகே வரவழைத்து, அவை சுடப்பட்டபின் நீந்திச் சென்று எடுத்தும் வரும்.

இவ்வினங்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான சில இயல்புகள் உண்டு. வெளி மயிரும் அதன் கீழே குளிரைத் தடுக்கும் உள் மயிரும் கொண்ட இரட்டைப் போர்வை, விரல்களுக்கு இடையே சவ்வு, கவ்வியதைக் கடித்து நசுக்காத "மென்வாய்" ஆகியன அவை. லாப்ரடாரின் அடிபருத்த வால் நீந்தும்போது சுக்கான் போல உதவுகிறது. எனினும் நீந்தும் உடல் இருப்பதால் மட்டும் எந்த நாயும் நீரை விரும்பிவிடுவதில்லை.

நீரோடு முதல் அறிமுகம்

பயிற்சி முழுவதிலும் மிகவும் கவனம் வேண்டப்படுவது முதல் சில நாட்களே. நாய் தானே நீந்தக் கற்றுக்கொள்ளும் என்று எண்ணிக் குட்டியைத் தூக்கி நீரில் எறியும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. குட்டி எப்படியோ கரை சேர்ந்துவிடும். ஆனால் நீரையும் எறிந்த கையையும் அது மறப்பதில்லை. பிற பிழைகளைப் பின்னர் திருத்த முடியும். நீரைக் கண்டால் பின்வாங்கும் நாயைத் திருத்துவதற்கு மாதக்கணக்காகும். சில நாய்கள் திருந்துவதேயில்லை.

ஆகவே வெயில் காலத்தில், வெதுவெதுப்பான, ஓட்டமில்லாத, படிப்படியாக ஆழமாகும் அடி கொண்ட குளத்தில் தொடங்குவது வழக்கம். பயிற்றுநர் முழங்கால் அளவு நீரில் தாமே இறங்கி நடக்கிறார். குட்டி விளையாட்டாகப் பின்தொடர்கிறது. நீரை விரும்பும் மூத்த நாய் ஒன்று உடன் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். குட்டியின் கால்கள் தரையில் படும் தொலைவிலேயே முதலில் பொருள் வீசப்படும். பின்னர் ஒவ்வொரு முறையும் சிறிது தள்ளி வீசும்போது, ஒரு கட்டத்தில் அது தன்னை அறியாமலேயே நீந்தத் தொடங்கும். முதன்முறை நீந்தும் குட்டிகள் முன்னங்கால்களால் நீரை ஓங்கி அடித்து உடலை நிமிர்த்தும். சில நாட்களில் முதுகு நீரோடு கிடையாக அமைந்து, நீச்சல் ஓசையின்றி நடைபெறும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வீச்சுகளே போதுமானவை. குட்டி இன்னும் வேண்டும் என்று துள்ளும்போதே நிறுத்திவிடுவது நன்று.

எந்த வயதில் தொடங்குவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஸ்காட், புல்லர் ஆகியோர் நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, குட்டிகள் மனிதரோடு பிணைப்புக் கொள்ளும் பருவம் பிறந்த சில வாரங்களுக்குள் அமைவதைக் காட்டினர். ரிச்சர்டு வோல்ட்டர்ஸ் இதனை அடிப்படையாகக் கொண்டு, குட்டியை 49 ஆம் நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்து உடனே பயிற்சியைத் தொடங்கலாம் என்று எழுதினார். 1964 ஆம் ஆண்டு வெளிவந்த "வாட்டர் டாக்" என்ற அவருடைய நூல் தொழில்முறைப் பயிற்றுநர்களிடம் இருந்த கலையைச் சாதாரண நாய் வளர்ப்பாளர்களிடம் கொண்டு சேர்த்தது. விளையாட்டாகப் பழக்குவதற்கு அவ்வயது பொருத்தமே. ஆனால் குளிர்ந்த நீருக்கு எட்டு வாரக் குட்டியின் உடல் பொருத்தமானதன்று.

டம்மியும் அதன் நிறமும்

பயிற்சியில் உண்மையான பறவைக்குப் பதிலாக டம்மி எனப்படும் உருளை வடிவப் போலி இரை பயன்படுகிறது. இது மிதக்கும் பொருள் அடைத்த கித்தான் துணியாலோ பிளாஸ்டிக்காலோ செய்யப்பட்டு, ஒரு முனையில் வீசுவதற்கான கயிறு கட்டப்பட்டிருக்கும். நாய்கள் நீலத்தையும் மஞ்சளையும் நன்கு பிரித்தறியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில்லை. அதனால் நாய் பார்த்து எடுக்கவேண்டிய டம்மி வெள்ளை நிறத்தில் இருக்கும். நாய் பார்க்காமல், பயிற்றுநரின் சைகையை மட்டும் நம்பிச் சென்று எடுக்கவேண்டிய டம்மி செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். மனிதக் கண்ணுக்குத் தொலைவிலிருந்தே பளிச்சென்று தெரியும் அந்நிறம், பசும்புல்லின் நடுவே நாயின் கண்ணுக்கு மங்கிவிடுகிறது. வேட்டையில் நீரில் மிதக்கவிடப்படும் போலி வாத்துகளை எடுத்துவரக் கூடாது என்பதையும் நாய் கற்க வேண்டும். இது முதலில் புல்தரையிலேயே கற்பிக்கப்படுகிறது.

உணவைப் பரிசாகக் கொடுப்பது பற்றிப் பயிற்றுநர்களிடையே தயக்கம் உண்டு. லாப்ரடார்களின் பெரும்பசி பெயர்பெற்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 ஆம் ஆண்டு, ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாரில் பசியோடு தொடர்புடைய பி.ஓ.எம்.சி. என்னும் மரபணுவின் ஒரு பகுதி இல்லாதிருப்பதைக் கண்டறிந்தனர். உதவி நாய்களாகப் பணியாற்றும் லாப்ரடார்களில் இது நான்கில் மூன்று பங்கிற்கும் சற்று மேலாக இருந்தது. உணவுக்காக எதையும் செய்யும் நாயைப் பழக்குவது எளிது என்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் நீர்ப் பயிற்சியில் பயிற்றுநரின் கை பையைத் தொட்டவுடனேயே நாய் டம்மியைத் துப்பிவிட்டு ரொட்டிக்கு வாய் திறக்கும். எனவே இங்கே அடுத்த வீச்சே பரிசாக அமைவது நல்லது.

கரையேறுதலும் ஒப்படைத்தலும்

நீரிலிருந்து வெளிவரும் எந்த நாயும் முதலில் உடலை உதறவே விரும்பும். உதறுவதற்காக அது வாயிலுள்ளதைக் கீழே போடும். டம்மியாயின் இழப்பில்லை. உயிருள்ள வாத்தாயின் அது அந்நொடியில் மீண்டும் நீருக்குள் புகுந்து மறையும். இதனால் இளம் நாயை எதிர்கொள்ளப் பயிற்றுநர் நீரின் விளிம்பிலேயே, தேவைப்பட்டால் நீருக்குள்ளேயே நின்று, அது உதறுவதற்கு முன் டம்மியை வாங்கிக்கொள்கிறார். பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று அடி பின்னால் நகர்கிறார். வாயில் வைத்திருப்பதைச் சொல்லும்வரை விடாதிருக்கும் பழக்கம் தரையில் முன்பே உறுதிப்பட்டிருந்தால் இது சில வாரங்களில் கைகூடும். நனையாமல் நிற்க விரும்பும் பயிற்றுநரின் நாய்களே பெரும்பாலும் கரையில் டம்மியைப் போடுகின்றன.

கரையோடுதல்

நாய் நேராக நீரில் இறங்காமல் கரையைச் சுற்றி ஓடி, பொருளுக்கு மிக அருகான இடத்தில் இறங்குவது கரையோடுதல் எனப்படும். இது அறிவின்மையால் நிகழ்வதன்று. மிச்சிகன் மாநிலத்தின் ஹோப் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் டிம் பென்னிங்ஸ், கோர்கி இனத்தைச் சேர்ந்த தம் நாய் எல்விசுடன் மிச்சிகன் ஏரிக்கரையில் பந்து வீசி விளையாடும்போது இதனை அளந்து பார்த்தார். எல்விஸ் கரையில் நொடிக்கு 6.4 மீட்டரும் நீரில் 0.91 மீட்டரும் சென்றது. பந்தை அடைய மிகக் குறைந்த நேரம் எடுக்கும் வழியை நுண்கணிதத்தால் கணக்கிட்டபோது, எல்விஸ் நீரில் இறங்கிய இடங்கள் அக்கணக்கோடு பெரிதும் ஒத்திருந்தன. நாய்களுக்கு நுண்கணிதம் தெரியுமா என்று கேட்கும் அக்கட்டுரை 2003 ஆம் ஆண்டு வெளிவந்தது.

இவ்வாறு நாயின் இயல்பான கணிப்பு சரியாகவே இருக்க, அதற்கு எதிராக நேராக நீரில் இறங்குமாறு பயிற்றுநர் கேட்கிறார். தொலைவில் விழுந்த பறவையை நோக்கிப் புறப்படும் நாய், தான் பார்த்த திசையையே நினைவில் வைத்திருக்கிறது. கரையோரமாக ஓடத் தொடங்கியதும் அத்திசை மாறிவிடுகிறது. புதரும் வளைவும் குறுக்கிடும்போது விழுந்த இடம் நினைவிலிருந்து நழுவுகிறது. பிறகு நாய் முழுக் கரையையும் குறிக்கோளின்றித் தேடும். பந்து கண்ணெதிரே மிதந்துகொண்டிருந்த எல்விசுக்கு இச்சிக்கல் இல்லை. வட அமெரிக்கப் போட்டிகளில் நேர்கோட்டில் செல்வதற்கு மிகுந்த மதிப்பு அளிக்கப்படுகிறது. உறையும் குளிரில் பறவையோடு திரும்பும் நாய் கரைவழியே ஓடிவருவதைப் பல வேட்டைக்காரர்கள் குறையாகக் கருதுவதில்லை. அது நியாயமும் ஆகும்.

நேர்கோட்டுப் பயிற்சி நீண்டு குறுகிய வாய்க்கால் போன்ற குளத்தில் தொடங்கும். முதலில் நாய் கரைக்குச் செங்குத்தாக, நீருக்கு மிக அருகிலிருந்து அனுப்பப்படும். நேரே செல்வது பழகியபின் கோணம் சிறிது சிறிதாகச் சாய்க்கப்படும். நாய் கரைவழியே ஓடினால் அழைத்து, தொலைவைக் குறைத்து, மீண்டும் அனுப்புவதே போதுமானது. நீரின் விளிம்பில் நின்று தண்டிப்பது பெருந்தவறு. தண்டனை ஓடியதற்காக என்று மனிதர் எண்ணுகிறார். நீர் அருகே இருந்ததால் வலித்தது என்று நாய் புரிந்துகொள்கிறது.

விசிலும் கைச்சைகையும்

பறவை விழுவதை நாய் பார்த்திராத வேளைகளில் பயிற்றுநர் அதனை வழிநடத்த வேண்டும். விசிலை ஒருமுறை ஊதினால் நாய் நின்று திரும்பிப் பார்க்கும். நீரில் இருந்தால் கால்களை அசைத்தவாறே ஒரே இடத்தில் மிதக்கும். கையை மேலே உயர்த்தினால் இன்னும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பக்கவாட்டில் நீட்டினால் அப்பக்கம் செல்ல வேண்டும். தொடர்ந்து குறுகலாக ஊதினால் திரும்பிவர வேண்டும். இவையனைத்தும் தரையில் கற்பிக்கப்பட்டபின்பே நீருக்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. நீந்தும் நாயின் கண் நீர்மட்டத்திற்குச் சற்றே மேலே இருப்பதால் சிற்றலையும் பயிற்றுநரை மறைத்துவிடும். ஐக்கிய அமெரிக்கப் போட்டிகளில் பயிற்றுநர்கள் வெள்ளை மேலாடை அணிவதற்கு இதுவே காரணம். அந்நாட்டின் கென்னல் கிளப் உரிமம் பெற்ற முதல் ரெட்ரீவர் களப்போட்டி 1931 ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் நடைபெற்றது. நாய்களை ஒன்றோடொன்று போட்டியிடச் செய்யாமல் குறித்த தரத்தோடு ஒப்பிட்டுத் தேர்ச்சி வழங்கும் வேட்டைத் தேர்வுகளை அது 1985 ஆம் ஆண்டு தொடங்கியது.

மின்பட்டை பற்றிய சர்ச்சை

தொலைவில் நீந்தும் நாயைக் கட்டுப்படுத்தக் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் பட்டை அணிவிப்பது வட அமெரிக்கத் தொழில்முறைப் பயிற்றுநர்களிடையே பரவலாக உள்ளது. முன்பே தெரிந்த கட்டளைக்கு மட்டும் குறைந்த அளவில் பயன்படுத்தினால் தீங்கில்லை என்பது அவர்கள் வாதம். வேல்ஸ் நாடு 2010 ஆம் ஆண்டு இப்பட்டைகளைத் தடை செய்தது. எதிர்ப்பாளர்கள் விலங்கு நலனை முன்வைக்கின்றனர். நீர்ப் பயிற்சியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு: நீந்தும் நாய்க்கு வலியிலிருந்து விலகி நிற்க இடமில்லை. அந்நொடியில் அது வலியை எதனோடு தொடர்புபடுத்தியது என்பதை அறிய வழியுமில்லை.

ஆபத்துகள்

நீர்ப் பயிற்சியில் நாய்கள் இறப்பது அரிது. இறக்கும்போது பெரும்பாலும் முன்கூட்டியே அறிந்திருக்கக்கூடிய காரணங்களாலேயே இறக்கின்றன.

இவற்றுள் முதன்மையானது உடற்பயிற்சியால் நிகழும் சரிவு ஆகும். லாப்ரடார்களில் மிகுதியாகக் காணப்படும் இக்குறைபாட்டுக்கு டி.என்.எம்.1 என்னும் மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்பது 2008 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்ற நாய், வழமையான நடையிலும் விளையாட்டிலும் நலமாகவே இருக்கும். கடுமையான, பரபரப்பான ஓட்டம் 5 முதல் 20 நிமிடம் நீடித்ததும் அதன் பின்னங்கால்கள் வலுவிழக்கும். தரையில் இவ்வாறு சரிந்தால் பெரும்பாலான நாய்கள் சிறிது நேர ஓய்வில் எழுந்துவிடும். ஆழமான நீரில் சரிந்தால் மூழ்கிவிடும். கன்னத்தின் உட்புறத்திலிருந்து எடுக்கும் மாதிரியைக் கொண்டு இதனைச் சோதித்துக்கொள்ளலாம். நீர்ப் பயிற்சிக்கென லாப்ரடார் குட்டியை வாங்குவோர் பெற்றோர் நாய்களின் சோதனை முடிவைக் கேட்டு அறிவது அவசியம்.

இரண்டாவது, நீர் நஞ்சாதல். திரும்பத் திரும்ப நீந்திப் பொருளைக் கவ்வும் நாய் ஒவ்வொரு முறையும் சிறிது நீரை விழுங்குகிறது. அளவு மிகும்போது இரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்குகிறது. தள்ளாட்டம், வாந்தி, வயிறு உப்புதல், எச்சில் ஒழுகுதல், வெறித்த பார்வை ஆகியவை இதன் அறிகுறிகளாகும். சில மணி நேரத்தில் இறப்பு நேரலாம் என்பதால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வாயை அகலத் திறக்கவைக்கும் பந்தைக் காட்டிலும் தட்டையான பொருளும், வீச்சுகளுக்கு இடையே ஓய்வும் பாதுகாப்பானவை. களைப்பே தெரியாத நாய்க்குத்தான் இந்த ஆபத்து மிகுதி.

கோடையில் தேங்கிய நீரில் பெருகும் நீலப்பச்சைப் பாசியின் நச்சுக்கு முறிமருந்து இல்லை. பச்சை வண்ணம் கரைத்து ஊற்றியது போல் தோன்றும் குளத்தில் நாயை இறக்கவே கூடாது. விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. நீருக்கடியில் மறைந்திருக்கும் மரக்கட்டைகளும் முள்வேலிக் கம்பிகளும் பாய்ந்து இறங்கும் நாயின் மார்பைக் கிழிக்கும். ஆகவே புதிய குளத்தைப் பயிற்றுநர் முன்னரே இறங்கிப் பார்த்துக்கொள்வது வழக்கம். குளிர்ந்த நீரில் நெடுநேரம் நீந்தியபின் சில நாய்களின் வால் அசைவின்றித் தொங்கிவிடும். இது வாலின் அடித்தசைகளில் ஏற்படும் வலியுள்ள பிடிப்பாகும். வால் எலும்பு முறிந்துவிட்டதாக உரிமையாளர்கள் அஞ்சுவதுண்டு. பெரும்பாலும் சில நாட்களில் தானே சரியாகும்.

பிற பயன்கள்

இதே பயிற்சியின் அடிப்படையில் நீரில் தத்தளிக்கும் மனிதரை மீட்கும் நாய்களும் உருவாக்கப்படுகின்றன. 1989 ஆம் ஆண்டு பெருச்சியோ பிலெங்கா இத்தாலியில் தொடங்கிய மீட்பு நாய்ப் பள்ளி, நியூபவுண்ட்லாந்து நாய்களோடு லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் நாய்களையும் கடற்கரைப் பணிக்குப் பழக்குகிறது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை தடை செய்யப்பட்டுள்ளது. அங்கு லாப்ரடார்கள் வீட்டு நாய்களாகவும் காவல்துறையின் மோப்ப நாய்களாகவுமே அறியப்படுகின்றன.